மதிலுக்குள் ஓர் அறை

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): அக்கா, டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான், கணவர், 10 வயது மகன், 72 வயது மாமியார் நான்கு பேரும் ஜெர்மனிக்குப் போகிறோம். ரோத்தன்பர்க் ஊரின் கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் வெகுநாள் ஆசை. டிசம்பர் 24 முதல் மூன்று இரவு தங்க நினைக்கிறோம். கோட்டை மதிலுக்குள் பழைய வீட்டு ஹோட்டலில் தங்குவதா, வெளியே புது ஹோட்டலில் தங்குவதா? அத்தைக்கு மூட்டுவலி, படி ஏறச் சிரமம்.

பதில்: பணம் இன்னும் கட்டவில்லை என்றால் முதலில் தேதியை மாற்றுங்கள். அந்தச் சந்தை டிசம்பர் 23ஆம் தேதியோடு முடிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறை ஒட்டித் தொடங்குவார்கள், 23 இரவு கடையைக் கட்டிவிடுவார்கள். நீங்கள் 24 போய் இறங்கினால் அத்தை பார்க்கப் போவது வெறும் சதுக்கத்தைத்தான். அன்று மதியத்துக்கு மேல் கடைகளும் மூடிவிடும். 25, 26 இரண்டு நாளும் அங்கே பொது விடுமுறை. நம் ஊரில் எந்தப் பெருநாளிலும் ஏதாவது ஒரு மாமாக் கடை திறந்திருக்கும். அங்கே முன்பதிவு செய்யாமல் கிறிஸ்துமஸ் இரவில் சாப்பாடு தேடினால் அலைய வேண்டியதுதான்.

டிசம்பர் இரண்டாம் வாரம் போங்கள். திங்கள் முதல் வியாழன் வரை மூன்று இரவு. வெள்ளி, சனி என்றால் ஜெர்மனிக்காரர்களே குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். அறை விலையும் ஏறும், ஒரு இரவுக்குத் தரமாட்டோம் என்றும் சிலர் சொல்வார்கள்.

இன்னொன்று. பதிவு செய்யும்போது ஊர்ப்பெயரை முழுசாகப் பாருங்கள். 'ரோத்தன்பர்க் ஒப் டேர் டவுபர்' என்று இருக்க வேண்டும், அதாவது டவுபர் ஆற்றின் மேலே இருக்கிற ரோத்தன்பர்க். கிட்டத்தட்ட அதே பெயரில் நெக்கார் ஆற்றங்கரையில் ரோட்டன்பர்க் என்று வேறு ஓர் ஊர் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மதிலுக்குள்ளேதான் தங்க வேண்டும். மூட்டுவலி இருப்பதால்தான் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். வெளியே தங்கினால் அத்தை காலையில் ஒரு முறை உள்ளே நடந்து, களைத்துத் திரும்பி, மறுபடி மாலையில் கிளம்ப மாட்டார். அந்த ஊரின் அழகே மாலைக்குப் பிறகுதான். பகல் முழுக்கப் பேருந்துகளில் கூட்டம் கூட்டமாக வந்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சந்தை மூடிய பிறகு தெருவிளக்கு வெளிச்சத்தில் கல் பாவிய தெருக்கள் மட்டும் இருக்கும். இரவு 8 மணிக்குச் சந்தைச் சதுக்கத்திலிருந்து காவல்காரர் ஒருவர் கறுப்பு அங்கியும் விளக்குமாகப் புறப்பட்டு, ஆங்கிலத்தில் ஊர்க் கதை சொல்லிக்கொண்டே நடத்திக் கூட்டிப் போவார். உங்கள் மகனுக்கு அது பிடிக்கும். அத்தையால் முழுவதும் நடக்க முடியாவிட்டாலும், ஹோட்டல் பக்கத்தில் இருந்தால் பாதியில் திரும்பி வந்து படுத்துக்கொள்ளலாம். மதிலுக்குள் தங்குவதன் பலன் அதுதான்.

ஆனால் எந்த வீடு என்பதில் கவனம் வேண்டும். நாம் பினாங்குக்காரர்கள், இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு எத்தனை பழைய கடைவீடுகள் ஹோட்டலாக மாறின! கீழே அழகான பூந்தரை, மேலே போக ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி. பழைய அமைப்பைக் கலைக்கக் கூடாது என்பதால் நினைத்த இடத்தில் லிஃப்ட் வைக்க முடியாது. ரோத்தன்பர்க்கிலும் இதே கதைதான். மரச்சட்டம் போட்டுக் கட்டிய குறுகலான வீடுகள், படிகள் வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு படியும் ஒரு உயரம்.

நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் பினாங்கு சாலையில் ஒரு பயண நிறுவனத்தில் 26 வருடம் வேலை பார்த்தேன். ஒரு தடவை 14 பேரைக் கூட்டிக்கொண்டு ஜெர்மனியின் ஒரு பழைய ஊருக்குப் போனேன். எந்த ஊர், எந்த விடுதி என்று சொல்ல வேண்டாம். 'லிஃப்ட் உண்டு' என்று போட்டிருந்தார்கள், உண்மையும்கூட. ஆனால் வாசலில் ஐந்து கற்படிகள். கைப்பிடி கிடையாது. ஏறி உள்ளே போனால், லிஃப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நிற்கிறது, அங்கிருந்து அறைக்கு இன்னும் ஏழு படி. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருந்தார். நாலாவது கற்படியில் பையை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, சேலை மேல் போட்டிருந்த கோட்டின் பொத்தானை அவிழ்த்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு தாங்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர் இரவில் வெளியே வரவேயில்லை.

அதற்குப் பிறகு வயசானவர்கள் வந்தால் ஒவ்வொரு விடுதிக்கும் நானே எழுதிக் கேட்பேன். நீங்களும் ஆங்கிலத்திலேயே எழுதலாம், பதில் வரும். தெருவிலிருந்து அறைக் கதவு வரைக்கும் மொத்தம் எத்தனை படி, லிஃப்டுக்கு முன்னாலும் பின்னாலும் சேர்த்து? தரைத்தளத்தில் அறை இருக்கிறதா? குளிக்கிற இடத்தில் தொட்டியைத் தாண்டி ஏற வேண்டுமா, நேராக நுழையும் ஷவரா? டாக்சி வாசலுக்கு வருமா? இதைக் கேட்டால் போதும். படியை எண்ணிப் பதில் எழுதுகிற விடுதியை எடுங்கள். 'எல்லாம் வசதியாக இருக்கும்' என்று மட்டும் எழுதினால் அடுத்த விடுதிக்குப் போங்கள். அவர்கள் பக்கத்தில் 'ஆஃப்சூக்' என்று இருந்தால் லிஃப்ட். 'எர்ட்கெஷோஸ்' என்றால் தரைத்தளம். 'ஹோட்டல் கார்னி' என்றால் காலைப் பசியாறல் மட்டும் கிடைக்கும், இரவுச் சாப்பாடு வெளியேதான். 'காஸ்ட்ஹோஃப்' என்றால் கீழே சாப்பாட்டுக் கடையும் மேலே அறைகளும் இருக்கும். குளிரில் அத்தையை இரவு வெளியே கூட்டிப் போகத் தேவையில்லை என்பதால் உங்களுக்குக் காஸ்ட்ஹோஃப் வசதி. ஆனால் வாரத்தில் ஒரு நாள் சமையலறைக்கு ஓய்வு விடுவார்கள், எந்த நாள் என்று கேட்டு வையுங்கள்.

இடம் என்று பார்த்தால் ஹெர்ன்காஸே தெருவை நான் சொல்வேன். அகலமான தெரு, சந்தைச் சதுக்கத்திலிருந்து கோட்டைத் தோட்டத்துக்குப் போகும் வழி. எல்லாரும் படம் எடுக்கிற ப்ளோன்லைன் முக்கு இருக்கிற பக்கம் சரிவு. பனி உறைந்த கல்லில் சரிவில் இறங்குவது அத்தைக்கு வேண்டாம்.

சிங்கப்பூர் வழியாக இரவு விமானம் எடுத்தால் ஃபிராங்ஃபர்ட்டில் விடியற்காலையில் இறங்குவீர்கள். விமான நிலையத்திலேயே தூர ரயில் நிலையம் இருக்கிறது. வூர்ட்ஸ்பர்க்கில் ஒரு முறை, ஷ்டைனாகில் ஒரு முறை மாற வேண்டும். கடைசி ரயில் கால் மணி நேரம்தான். ரோத்தன்பர்க் நிலையம் மதிலுக்கு வெளியே. நடந்தால் பத்து நிமிஷம் என்பார்கள், பெட்டியோடு அந்தக் கல் தெருவில் நடக்காதீர்கள். டாக்சி எடுங்கள். அறை பெரும்பாலும் மதியம் 3 மணிக்குத்தான் தருவார்கள், பெட்டியை முன்னதாகவே வைத்துவிட்டுப் போகலாம்.

குடும்பமே நடத்துகிற விடுதிகளில் ராத்திரி முழுக்க ஆள் இருக்க மாட்டார்கள். மாலையில் வரவேற்பு மேசையை மூடிவிட்டு வீட்டுக்காரர்கள் போய்விடுவார்கள். அதனால் எத்தனை மணிக்கு வருகிறோம் என்று முன்பே சொல்லுங்கள். சாவி கொடுக்கும்போது பாருங்கள், பல இடங்களில் அறைச் சாவியே தெருக்கதவுக்கும் சேரும். கனமான பித்தளைக் குமிழ் தொங்கும், அதன் பாரத்தால் சட்டைப் பையில் வைக்க மனசு வராது, மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பத் தோன்றும். இரவில் வெளியே போகும்போது அப்படி விட்டுவிடாதீர்கள். திரும்பி வந்தால் தெருக்கதவு பூட்டியிருக்கும்.

அறைக்குள் இரட்டைக் கட்டில் என்பது ஒட்டிப் போட்ட இரண்டு மெத்தைகள், ஆளுக்கு ஒரு கம்பளி உறை. மகனுக்குத் தனிக் கட்டில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். சுடுதண்ணீர்க் கேத்தல் எல்லா அறையிலும் இருக்காது. அத்தைக்கு ராத்திரி மைலோ வேண்டும் என்றால் அதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே சேராது, அடாப்டர் எடுத்துப் போங்கள். கையில் கொஞ்சம் யூரோ நோட்டும் வைத்திருங்கள், சின்னக் கடைகளில் கார்டு எடுக்காத இடங்கள் இன்னும் உண்டு.

விசா பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை.

கேள்வி (கோலாலம்பூர், செந்தூல் வாசகர்): நாங்கள் முழுச் சைவம். ஜெர்மனியின் சின்ன ஊர் ஹோட்டலில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோய் அறையில் சோறு வடிக்கலாமா, அண்ணன் தம்பி இரண்டு குடும்பம்?

பதில்: அறையில் வடிக்காதீர்கள். மர வீடுகள், புகை கண்டால் அலாரம் அடிக்கும், வீட்டுக்காரர்களுக்கும் அது பெரிய பயம். இரண்டு குடும்பம் என்றால் 'ஃபெரியன்வோனுங்' தேடுங்கள். சமையலறையோடு கூடிய வாடகை வீடு. பழைய ஊர்களில் நிறைய இருக்கின்றன. கடைசியில் துப்புரவுக் கட்டணம் தனியாக வருமா, குறைந்தது எத்தனை இரவு என்பதைப் பார்த்துப் போடுங்கள். அரிசி, பருப்பு, ரசப்பொடி கொண்டுபோனால் போதும். சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிடுங்கள், ஞாயிறு பேரங்காடி மூடியிருக்கும்.

ஹோட்டல்தான் என்றால் காலைப் பசியாறல் கவலையில்லை. சுடச்சுடச் சின்ன ரொட்டிகள், சீஸ், ஜாம், தயிர், பழம் எல்லாம் இருக்கும். இரவில்தான் விழிப்பாக இருக்க வேண்டும். வறுத்த உருளைக்கிழங்கு என்று வாங்கினால் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும். தென்பகுதியில் உருளைக்கிழங்கு சாலட்டில்கூட இறைச்சிச் சாறு விடுவது வழக்கம். 'ஓனே ஷ்பெக்' என்று சொன்னால் பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்று பொருள். 'ஓனே ஃப்லைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே கேளுங்கள், முட்டை மாவில் செய்த குட்டி நூடுல்ஸ் மாதிரி, வயிறு நிறையும். ரோத்தன்பர்க் போனால் ஷ்னேபால் என்று உருண்டையான பலகாரம் ஜன்னலுக்கு ஜன்னல் வைத்திருப்பார்கள். நம் கலகலா மாவை நீளநீளமாக வெட்டி, பந்தாகச் சுருட்டிப் பொரித்து, சீனித்தூள் தூவியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் முட்டை உண்டு, எதில் பொரித்தது என்றும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பினாங்கு, ஆயர் ஈத்தாம் வாசகி): என் மகன் லைப்ஸிக் நகரில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது பக்கத்தில் ஒரு பழைய ஊரில் இரண்டு இரவு தங்க ஆசை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எந்த ஊர் சொல்வீர்கள்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், ஹாலே. சாலே ஆற்றங்கரை ஊர், லைப்ஸிக்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். சுற்றுலாக்காரர்கள் அதிகம் போவதில்லை, எனக்கு அது வருத்தம். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் அங்கே படித்தவர். தமிழ் எழுத்துகளை ஹாலேயில்தான் அச்சாக வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயிலேயே லத்தீனில் அச்சானது. 1698இல் ஃபிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய அனாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன. அதன் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. சுவடிகளைப் பார்க்க வேண்டும் என்றால் ஆசிரியை என்று சொல்லி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அனாதை இல்லத்தின் கூரைத் தளத்தில் உலகெங்குமிருந்து வந்த பொருள்களை அடுக்கிய பழைய அலமாரிகள் உள்ள கூடம் ஒன்று உண்டு. அது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

நம் எழுத்து கடல் கடந்து போய் ஈயத்தில் வார்க்கப்பட்ட ஊரில் ஓர் இரவு படுத்து எழுவது பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷத்துக்குக் கதை கிடைக்கும்.

தங்குவதற்குச் சந்தைச் சதுக்கத்தை ஒட்டிப் பாருங்கள். இசைமேதை ஹேண்டல் 1685இல் பிறந்த ஊர் அது, அவருடைய சிலை சதுக்கத்தின் நடுவில் நிற்கும். அங்கிருந்து ஃபிராங்கே நிறுவனத்துக்கு நடந்தே போய்விடலாம். பல்கலைக்கழக நகரம் என்பதால் ரோத்தன்பர்க் மாதிரி படியை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை, லிஃப்ட் உள்ள சாதாரண ஹோட்டல்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை அந்த இல்லம் மூடியிருக்கும். அதனால் திங்கள் இரவும் செவ்வாய் இரவும் அறை போடுங்கள். செவ்வாய் காலை 10 மணிக்குத் திறப்பார்கள், மகனையும் கூட்டிக்கொண்டு வாசலில் நில்லுங்கள்.