மணல்ல புதைஞ்ச தாரும் முழங்கால் தண்ணியும்

நண்பரே, காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணை மணல்ல உங்க மஹிந்திரா தார் ஜீப் அச்சு வரைக்கும் இறங்கிடுச்சு, 4 எல் (நாலு சக்கரமும் மெதுவா, ஆனா அதிக இழுவையோட சுத்துற கியர் நிலை) போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சும் வரலைன்னு எழுதியிருந்தீங்க. மிதிச்சதுதான் வினை. சக்கரம் சுத்தச் சுத்த மணலை அள்ளிப் பின்னாடி போட்டு, தனக்குத் தானே குழி தோண்டிக்கும்.

அடுத்த தடவை மணல்ல இறங்குறதுக்கு முன்னாடியே நாலு டயர்லயும் காத்தை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்க. டயர் அடியில பிதுங்கி, மண்ணுல படுற தடம் நீளும். வண்டி மணல் மேல மிதந்தாப்ல போகும். அந்தக் காத்துல ஸ்டியரிங்கைச் சட்டுனு ஒடிக்காதீங்க, டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். நிறுத்தணும்னா பிரேக் அடிக்காம தானா உருண்டு நிக்கட்டும். புதைஞ்சுட்டா சக்கரத்தைச் சுத்தி மணலைச் சரிவா வழிச்சுட்டு, வந்த தடத்துலயே மெதுவா ரிவர்ஸ் எடுங்க. தார் ரோட்டுக்கு ஏறும்போது மறக்காம காத்து அடிச்சுக்கோங்க.

முழங்கால் தண்ணியில போலாமான்னு கேட்டீங்க. புது மாடல் தாருக்கு 650 மி.மீ. ஆழம் வரைக்கும்னு கம்பெனி கணக்கு. ஓடுற தண்ணியில அதை மட்டும் நம்பாதீங்க. நடந்து கடக்க முடியாத வேகம்னா வண்டியையும் இறக்காதீங்க. நடக்க முடிஞ்சா கம்பு ஊணிப் பாருங்க. ஒகேனக்கல் போற வழியில சின்னாத்துல எனக்கு மேலாக்க எல்லாம் தெளிஞ்ச தண்ணிதான். கம்பு ஒரு இடத்துல முழங்கை ஆழம் சேத்துல சொருகுச்சு. அப்படியே திரும்பிட்டேன்.

தண்ணியில இறங்கினா 4 எல், இரண்டாவது கியர், நடுவுல கிளட்சைத் தொடவே கூடாது. தண்ணியில இன்ஜின் நின்னா செல்ஃப் அடிக்காதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனைப் பிடிச்சிருக்குற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். உங்க பக்கம் தென்பெண்ணையில இறங்குறதுன்னா, மேல இருக்குற கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில தண்ணி திறக்குறாங்களான்னு கேட்டுட்டு இறங்குங்க.