ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் புரோபயாட்டிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் ஆறு வயது மகன் நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறான், ஆனாலும் உள்ளாடையில் அடிக்கடி மலம் கசிகிறது. புரோபயாட்டிக் கொடுத்தால் வயிறும் சரியாகும், பேச்சும் வரும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: முதலில் மலச்சிக்கலுக்கு முறையான சிகிச்சை தொடங்க வேண்டும், நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகள் அடங்கிய தயாரிப்பான புரோபயாட்டிக் அதன்பிறகுதான். நீங்கள் குறிப்பிடும் கசிவைப் பலர் வயிற்றுப்போக்கு என்று எண்ணி, மலத்தை இறுக்கும் உணவுகளைக் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுகிறார்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மலம் இறுகித் தேங்கும்போது, அதன் ஓரமாக நீர்த்த மலம் குழந்தைக்குத் தெரியாமலேயே வழிவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே பல நேரங்களில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். குடலுக்குள் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மருந்தே பொதுவாக முதல் தேர்வு. தேங்கியது வெளியேறியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். விரிந்துபோன குடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். குழந்தைகளின் மலச்சிக்கலைப் புரோபயாட்டிக் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொள்ளலாம், முதுகை வளைத்து முறுக்கலாம், இரவில் விழித்து அழலாம், தன்னையே அடித்துக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுவதால் வயிற்று வலி கவனிக்கப்படாமல் போகிறது.

பேச்சு வரும் என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுத் தொல்லைகள் அதிகம் என்பது உண்மை. ஆனால் குடல் நுண்ணுயிரிகள்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று அதிலிருந்து முடிவுகட்ட இயலாது. ஆஸ்திரேலியாவில் 2 முதல் 17 வயது வரையிலான 247 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு, காரணம் எதிர்த்திசையில் இருக்கலாம் என்று காட்டியது: ஆட்டிசம் உள்ளவர்களிடம் காணப்படும், சில உணவுகளை மட்டுமே ஏற்கும் பழக்கம் உணவின் வகைகளைக் குறைக்கிறது, அதனால் குடல் நுண்ணுயிரிகளின் வகைகளும் குறைகின்றன. இத்தாலியில் பள்ளி செல்லும் வயதை எட்டாத 85 குழந்தைகளுக்கு ஆறு மாதங்கள் புரோபயாட்டிக்கோ மருந்தில்லாத போலித் தூளோ கொடுத்து ஒப்பிட்டு, 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்விலும் ஆட்டிசத்தின் ஒட்டுமொத்தத் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழந்தைகளைப் பிரித்துப் பார்த்தபோது சில உட்பிரிவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. விளம்பரங்கள் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் இத்தகைய உட்பிரிவு முடிவுகளைத்தான்.

மலச்சிக்கல் கட்டுக்குள் வந்த பின்னும் வயிற்று உப்புசத்துக்காக முயன்று பார்க்க விரும்பினால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, எந்த நுண்ணுயிரி வகை, எவ்வளவு என்று உறையில் தெளிவாக அச்சிட்ட ஒரே தயாரிப்பை நான்கு முதல் எட்டு வாரங்கள் கொடுங்கள். அந்தக் காலத்தில் உணவையோ பிற மருந்துகளையோ மாற்றாதீர்கள். மலத்தின் தன்மை, தூக்கம், அழுகை ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைத்தால்தான் பலன் உண்டா என்று தெரியும். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள், வேறு தயாரிப்புக்குத் தாவ வேண்டாம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளுக்கும் பெரிய ரத்தநாளத்தில் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் இந்த நுண்ணுயிரிகளே ரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கக்கூடும் என்பதால், அவர்களுக்கு மருத்துவரின் அனுமதியின்றிக் கொடுக்கக் கூடாது. சில தயாரிப்புகளில் பால் புரதம் கலந்திருப்பதால் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் உறையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், எடை குறைதல், பச்சை நிற வாந்தி, வயிறு வீங்கி இறுகுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் புரோபயாட்டிக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.