அலெக்சாண்டர் பாட்டு: கேட்டதும் சொன்னதும்

நாகர்கோவில் வடசேரியிலிருந்து: அண்ணே, கிட்டார் கிளாஸ் முடிஞ்சு நேத்து போட்டீங்களே, அது எந்தப் பாட்டு?

அயர்ன் மெய்டன்னு இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழு மக்கா. 1986-ல் வந்த 'சம்வேர் இன் டைம்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'அலெக்சாண்டர் த கிரேட்'. எட்டரை நிமிஷம். எழுதினது அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸ்.

தக்கலை டீச்சர்: தம்பி, பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தும்போது போட்டுக் காட்டலாமா?

முக்கால்வாசி சரி டீச்சர். கி.மு. 334-ல் பாரசீகப் படையை அடிச்சது, யாராலும் அவிழ்க்க முடியாத கோர்டியன் முடிச்சை வெட்டினது, பாபிலோனில் காய்ச்சலில் செத்தது எல்லாம் உண்டு. 19 வயசில் பட்டம் ஏறினதாப் பாடுவாங்க. 356-ல் பிறந்து 336-ல் ஏறினவனுக்கு 20. மத்திய ஆசியாவில் சித்தியர்ங்கிற நாடோடிகளோட போட்ட சண்டையை (329) எகிப்துக்கு (332) முன்னால வச்சதும் பிசகு. பெரிய சறுக்கல் இந்தியாவில்தான். படை இந்தியாவுக்கு வர மாட்டேன்னு நின்னுட்டதாம். வந்தாங்களே! 326-ல் ஜீலம் கரையில் போரஸை ஜெயிச்சு, அதுக்கு அப்புறம் பியாஸ் கரையில்தான் 'இனி நடக்க மாட்டோம்'னு உக்காந்தாங்க. மறுத்தது நிஜம், இடம்தான் தப்பு.

குலசேகரத்திலிருந்து: குமரி வரைக்கும் வந்தானா அண்ணே?

அவன் எங்க வர! ஆனா அவன் தளபதி செலூக்கஸ் அனுப்பின தூதர் மெகஸ்தனீஸ் பாண்டிய நாட்டைப் பத்தி எழுதியிருக்கார். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூல் ஒண்ணில் நம்ம குமரியே வருது: ஒரு காலத்தில் தேவி இங்கே தங்கி நீராடினாளாம், அதனால ஆணும் பெண்ணும் வந்து குளிச்சு நோன்பிருக்காங்களாம். இதை வச்சு யாராவது ஒரு ராக் பாட்டு கட்டுங்கடே.

குளச்சலிலிருந்து: பாட்டு வரலாற்று நோட்ஸ் மாதிரி இருக்கே?

எனக்கும் அந்தக் குறை உண்டு. நம்ம வில்லுப்பாட்டு அண்ணாவி இதே கதையைப் பாடினா, வருஷத்தை விட்டுட்டு அம்மாக்காரி அழுத அழுகையைப் பிடிச்சிருப்பார். ஆனா நடுவில் பாட்டு நின்னு, கிட்டார்கள் மட்டும் பேசுற நெடும்பகுதி இருக்கு பாரு, உயிர் அங்கதான்.

மார்த்தாண்டத்திலிருந்து: பழைய மேடை வீடியோ ஒண்ணுகூட கிடைக்கலையே?

வாசிச்சாத்தானே கிடைக்கும்! 36 வருஷத்துக்கு மேல மேடை ஏறாத பாட்டு. முதல் தடவை 2023 மே 28, ஸ்லோவேனியாவில், லுப்லியானா நகரில்.

வடசேரி தம்பி மறுபடியும்: அந்தப் பாட்டில் பேஸ் கிட்டார் குதிரை ஓடுற மாதிரி போற தாளத்தை பிக் (கம்பி மீட்டுற சின்னத் தகடு) வச்சு வாசிக்கவா?

ஹாரிஸ் விரலால்தான் வாசிப்பார். ஒரு நீட்டு, ரெண்டு வெட்டு. வில்லில் வீசுகோல் விழுற மாதிரி நினைச்சுக்கோ. பிக்கைப் பையில போட்டுட்டு ஒரு வாரம் மெதுவா அடி. விரல் காய்க்கும், காய்க்கட்டும்.