உணவு சரி, சொல்லும் காரணம்தான் தவறு: இயற்கை மருத்துவரிடம் சில கேள்விகள்

இருபது வருடங்களுக்கு மேலாக இயற்கை மருத்துவம் பார்த்து வருகிறேன். உணவைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் பழச்சாறு விரதம் பற்றிய பதிலை மட்டும் படித்துவிடுங்கள்.

கேள்வி: டாக்டர், நான் பார்த்த உணவு ஆலோசகர் இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். நீங்கள் அட்டவணையே தருவதில்லை என்கிறார்கள். எது சரி?

அந்தக் கணக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஈறு அழுகி மாலுமிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1747இல், ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் சிலருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் தேறினார்கள். 1912இல் காசிமிர் ஃபங்க் என்ற விஞ்ஞானி இப்படிப்பட்ட சத்துகளுக்குப் பெயர் வைத்தார். இன்று வைட்டமின் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். ஒரு சத்து குறைந்தால் ஒரு நோய், அதைக் கொடுத்தால் குணம் என்ற வழியில் எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

அதே கணக்கைக் குறைபாடு இல்லாதவர்களுக்கும் போட ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று தெரிந்ததும், அவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை மட்டும் பிரித்து மாத்திரையாக்கினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29 ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்துச் சோதனை நடந்தது. 1994இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரையை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. காய்கறி செய்ததை அதன் ஒரு துண்டால் செய்ய முடியவில்லை.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் தங்க வைத்தது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான, அதிகம் பதப்படுத்திய உணவு. இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். அட்டவணையில் இரண்டு உணவும் ஒன்றுதான். ஆனால் உடம்பு அட்டவணையைப் படிப்பதில்லையே.

அதனால்தான் வருபவரிடம் நான் முதலில் கேட்பது, பசித்துச் சாப்பிடுகிறீர்களா, எத்தனை நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிறீர்கள், அதில் எவ்வளவு பொட்டலத்திலிருந்து வந்தது என்பதைத்தான். சிறுநீரக நோயாளி வந்தால் நானும் கணக்குப் போடுபவரிடம்தான் அனுப்புவேன். அங்கே கிராம் கணக்கு உயிர் பிரச்சினை.

கேள்வி: ரத்தம் அமிலமாக மாறினால்தான் நோய் வருகிறது, காரத்தன்மை உள்ள உணவுதான் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். கார நீர் தரும் இயந்திரம் ஒன்று வாங்கலாமா மேடம்?

வாங்க வேண்டாம்.

அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச். அளவு ரத்தத்தில் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றியும், சிறுநீரகம் அமிலத்தைக் கழித்தும் அதை அங்கேயே பிடித்து வைக்கின்றன. அது நகர்ந்தால் நீங்கள் என்னிடம் வர மாட்டீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பீர்கள். உணவால் மாறுவது சிறுநீரின் பி.ஹெச். மட்டும்தான். சோதனைக் காகிதத்தைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்து "உடம்பே மாறிவிட்டது" என்று சந்தோஷப்படுபவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் கார உணவு என்று எங்கள் ஆட்கள் தரும் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: காய்கறி, கீரை, பழம். நல்ல பட்டியல்தான்! அவற்றில் பொட்டாசியமும் நாரும் நிறைய இருப்பதால் நல்லது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் கூடிய டேஷ் உணவுமுறை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1997இலேயே காட்டினார்கள். எங்கள் துறையின் பழைய வியாதி இது. உணவைச் சரியாகச் சொல்லிவிட்டு, காரணத்தைத் தப்பாகச் சொல்வோம். காரணம் தப்பாக இருந்தால் அதை வைத்து ஒருவர் இயந்திரம் விற்க வந்துவிடுவார்.

(காரம் என்றதும் மிளகாயைக் கூட்டிக்கொண்ட ஒருவரும் என்னிடம் வந்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, சொல் அப்படி.)

கேள்வி: அக்கா, சமைத்தால் என்சைம்கள் செத்துவிடும் என்று ஆறு மாதமாகப் பச்சையாகவே சாப்பிடுகிறேன். தொடரலாமா?

என்சைம் என்பது ஒரு புரதம், தம்பி. பச்சையாகவே விழுங்கினாலும் பெரும்பாலானவற்றை வயிற்று அமிலம் சிதைத்துவிடும். உங்களுக்கு வேண்டிய செரிமான என்சைம்களை உங்கள் உமிழ்நீர்ச் சுரப்பியும் கணையமும் தயாரித்துக்கொள்கின்றன.

பச்சை உணவுக்கு மதிப்பு வாங்கித் தந்தவர்களில் சூரிச்சில் மருத்துவமனை நடத்திய பிர்ச்சர் பென்னர் முக்கியமானவர். துருவிய ஆப்பிளோடு ஓட்ஸைக் கலந்து, இன்று மியூஸ்லி என்று சொல்கிறோமே, அதைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தவர். பழமும் பச்சைக் காயும் சத்தில்லாதவை என்று மற்ற மருத்துவர்கள் ஒதுக்கிய காலம் அது. அந்த நன்றி எனக்கு உண்டு. அதற்காக எல்லாவற்றையும் பச்சையாகச் சாப்பிடச் சொல்ல மாட்டேன். வேகவைத்தால் வைட்டமின் சி குறையும். ஆனால் கேரட்டின் கரோட்டினும் தக்காளியின் லைகோபீனும் வெந்து, கொஞ்சம் எண்ணெயும் சேரும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் அதிலுள்ள நஞ்சு வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் வேகவிட வேண்டும்.

தினம் ஒரு வேளையில் கொஞ்சம் பச்சைக் காய், கொஞ்சம் பழம். மிச்சத்துக்கு அடுப்பைப் பற்ற வையுங்கள். ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது என்று எழுதவில்லையே? அதையும் பாருங்கள்.

கேள்வி: மாதம் ஒரு முறை மூன்று நாள் பழச்சாறு மட்டும் குடித்து உடம்பைச் சுத்தம் செய்யலாம் என்று இருக்கிறேன். எனக்கு வயது 54, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். முதல் நாள் தலைவலி வந்தால் அது நச்சு வெளியேறும் அடையாளம் என்கிறார்களே?

ஐயா, உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். இடையில் சாறு குடித்தால் விர்ரென்று ஏறும். என்னிடம் வந்த ஒருவர் இப்படி இரண்டாம் நாள் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழுந்திருக்கிறார். "நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்" என்று வீட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் துறைக்காரர்தான். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

தலைவலிக்கு வருவோம். தினம் காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலை வலிக்கும். காபியின் பிரிவுதான் அது. பசியும் தலைவலி தரும். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நீங்கள் தூங்கும்போதும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சாறு அவற்றைக் கழுவி விடுவதில்லை.

பழத்தைச் சாறாக்கினால் நார் பெரும்பாலும் போய்விடுகிறது. மூன்று ஆரஞ்சைத் தின்னச் சிரமப்படுபவர் மூன்றின் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிடுவார். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் சர்க்கரையையும் தேனையும், நாம் கொட்டும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே கணக்கில் வைக்கிறது. நாளின் மொத்தக் கலோரியில் இந்தக் கணக்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராம், 25 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சாறும் அவ்வளவு அப்பாவி இல்லை. பசலை வகைக் கீரைகளைத் தினமும் பெரிய டம்ளரில் குடித்து, அவற்றிலுள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் படிந்து சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு.

அப்படியானால் விரதமே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்லவில்லை. இரவு உணவைச் சீக்கிரம் முடித்து, காலை வரை வயிற்றைச் சும்மா விடுவது பெரும்பாலான ஆரோக்கியமானவர்களுக்கு ஒத்துவரும். இரவுத் தீனியும் தானாக நிற்கும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைகள், உணவுக் கோளாறால் அவதிப்பட்டவர்கள் விரதத்தின் பக்கம் போகவே கூடாது. பல நாள் பட்டினியைத் தனியாக யாரும் முயல வேண்டாம். முடிக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். ஐயா, உங்களுக்கு என் பதில்: சாறாக இல்லாமல் முழுப் பழமாக, சாப்பாட்டோடு, அளவாக.

கேள்வி: சாப்பிட்ட உடனே பழம் சாப்பிட்டால் வயிற்றில் அழுகிவிடுமா? புரதத்தையும் மாவுச்சத்தையும் ஒன்றாகச் சாப்பிடக் கூடாதா?

அழுகாது. வயிற்றில் இருக்கும் அமிலத்தில் அதற்கு வழியில்லை. மாவும் புரதமும் சேரக் கூடாது என்பது வில்லியம் ஹே என்ற அமெரிக்க மருத்துவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியது. அப்புறம் எங்கள் ஆட்கள் பலர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே புரதமும் மாவும் ஒன்றாக இருக்கின்றன. இயற்கையே கலந்து வைத்ததை இயற்கை மருத்துவத்தின் பெயரால் பிரிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. போதாததற்கு, வைட்டமின் சி உள்ள பழத்தை உணவோடு சாப்பிட்டால் பருப்பு, கீரையில் உள்ள இரும்புச் சத்து நன்றாகச் சேரும். ரத்தசோகை உள்ளவர்கள் தேநீரைத்தான் உணவிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும்.

கேள்வி: அரசாங்க உணவு ஆலோசனை பத்து வருடத்துக்கு ஒரு முறை மாறுகிறது. முட்டை கெட்டது என்றார்கள், இப்போது பரவாயில்லை என்கிறார்கள். எதை நம்புவது?

இந்தக் கோபம் நியாயமானதுதான். அமெரிக்காவில் 1980இல் முதல் வழிகாட்டி, 1992இல் அடியில் தானியத்தைக் குவித்த பிரமிடு படம், 2011இல் அதை எடுத்துவிட்டுத் தட்டுப் படம். முட்டையைத் தள்ளி வைக்கக் காரணமாக இருந்த, தினம் 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்டிரால் கூடாது என்ற வரம்பை 2015 – 2020 வழிகாட்டியில் விட்டுவிட்டார்கள். இதையெல்லாம்விட வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரினைக் கைகாட்டியதுதான் பெரிய சறுக்கல். அந்தக் காலத்து மார்ஜரினில் நிறைய இருந்த டிரான்ஸ் கொழுப்பு வெண்ணெயைவிட இதயத்துக்குக் கெடுதல் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனால் மாறாததையும் பாருங்கள். காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு, கொட்டைகள் என்று எந்த வழிகாட்டியை எடுத்தாலும் வரும். உப்பையும் சர்க்கரையையும் குறைக்கச் சொல்லும். அந்த இடத்தில் அவர்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. "அவர்கள் ஒருமுறை தப்பாகச் சொன்னார்கள், ஆகவே வெண்ணெயை அள்ளிச் சாப்பிடலாம்" என்பதும் தப்புதான். நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும் என்பது மாறவில்லை.

கேள்வி: தினம் எட்டு டம்ளர் தண்ணீர் கட்டாயமா?

இல்லை. 1945இல் அமெரிக்காவில் வந்த ஒரு பரிந்துரை இரண்டரை லிட்டர் என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்ற அடுத்த வரியைப் பலர் படிக்கவில்லை. தாகம் எடுத்தால் குடியுங்கள், சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் இன்னும் குடியுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் மங்கும், அவர்களுக்கு நினைவூட்டுங்கள். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் கூடுதலாகக் குடிக்க வேண்டும். இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையையும் சாதா உப்பையும் விட்டு, தேனுக்கும் பாறை உப்புக்கும் மாறிவிட்டோம். வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறது.

குழந்தைக்கு ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது அம்மா. அதிலிருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கலாம். இதில் சமரசமே இல்லை.

பாறை உப்பும் உப்புதான். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, என்ற வரம்பு அதற்கும் பொருந்தும். பாறை உப்பில் பொதுவாக அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் அயோடின் கூடுதலாகவே தேவை, அதனால் அயோடின் உப்புக்குத் திரும்புங்கள். இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பால், முட்டை எதுவும் இல்லாமல் முழுச் சைவமாக இருக்கிறேன். பி12 மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். மாத்திரை என்பது இயற்கைக்கு எதிரானது இல்லையா?

எடுங்கள். இயற்கை மருத்துவரே மாத்திரை எடுக்கச் சொல்கிறாரே என்று வியக்க வேண்டாம். பி12ஐத் தயாரிப்பவை பாக்டீரியாக்கள். நம்பி இருக்கும் அளவுக்குச் செடிகொடிகளில் அது கிடையாது. பெரியவர்களுக்குத் தேவை நாளுக்கு 2.4 மைக்ரோகிராம்தான். கல்லீரலில் இருப்பு இருப்பதால் சில வருடங்கள் ஒன்றும் தெரியாது. அப்புறம் கால் மரத்துப்போகும், மறதி வரும். கீரையிலும் பருப்பிலும் கிடைக்கும் ஃபோலேட் என்ற வைட்டமின் ரத்தசோகையை மறைத்துவிடலாம், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனை செய்து, அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பார்கள். ஒவ்வொரு வாய்க்கும் 32 முறை மெல்ல வேண்டுமா டாக்டர்?

ஹோரஸ் ஃப்ளெட்சர் என்ற அமெரிக்கர் உணவு திரவமாகும் வரை மெல்லச் சொல்லி, அதற்காகவே உலகப்புகழ் பெற்றார். அவர் இருந்தது 69 வயது வரை. மெதுவாகச் சாப்பிட்டால் போதுமென்ற உணர்வு வர நேரம் கிடைக்கும், குறைவாகச் சாப்பிடுவோம், அது உண்மை. அதற்கு எண்ண வேண்டியதில்லை. வாயில் இருப்பதை விழுங்கும் வரை அடுத்த கவளத்தை எடுக்காதீர்கள். கைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.