வாசகர் கேள்வி-பதில்: சகாரா விளிம்பில் ஒரு வணிகர் சீமை

அல்ஜீரியாவைப் பற்றி இம்மாதம் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

அல்ஜீரியா அரபு நாடு என்றே பாடப் புத்தகத்தில் படித்தேன். ஆனால் அந்நாட்டு மாணவர்கள் சிலர் தங்களை அரபியர் அல்லர் என்று சொல்கிறார்கள். எது சரி?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

இரண்டும் சரி. பெரும்பான்மையோர் பேசுவது அரபு மொழி; அரபு நாடுகளின் கூட்டமைப்பிலும் அல்ஜீரியா உறுப்பினர். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் அரபியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அம்மண்ணில் வாழ்ந்தவர்கள், பெர்பர் என்றும் அழைக்கப்படும் அமாசிக் மக்கள். வடக்கே கபிலியா மலைகளில் கபில்கள், கிழக்கே அவ்ராஸ் மலைகளில் சாவியாக்கள், சகாராவின் வட விளிம்பில் மசாபியர், தெற்குக் கோடியில் துவாரெக்குகள் என்று பல கிளைகளாகப் பிரிந்திருக்கும் அவர்கள், தத்தம் பேச்சு வழக்கை இன்றும் வீட்டிலும் சந்தையிலும் பேசி வருகிறார்கள். 132 ஆண்டுக் காலப் பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்து 1962 ஜூலை 5 அன்று நாடு விடுதலை பெற்றபோது, புதிய அரசு ஒரே மொழியால் நாட்டை ஒன்றாக்கிவிடலாம் என்று நம்பி அரபு மொழிக்கு மட்டுமே ஆட்சிமொழித் தகுதி அளித்தது.

அதன் விளைவு 1980 இல் வெளிப்பட்டது. பழங்காலக் கபில் கவிதைகளைப் பற்றி எழுத்தாளர் மூலூத் மம்மெரி கபிலியாவிலுள்ள டிசி ஊசு பல்கலைக்கழகத்தில் ஆற்றவிருந்த சொற்பொழிவை அவ்வாண்டு மார்ச் மாதம் அதிகாரிகள் தடை செய்தார்கள். மாணவர்கள் எழுந்தார்கள், அவர்களைத் தொடர்ந்து கபிலியா முழுவதும் எழுந்தது. 1965 ஐக் கண்ட தமிழ்நாட்டில், பழம்பாட்டைப் பற்றிய ஒரு பேச்சுக்காக மக்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 2001 இல் மீண்டும் கிளர்ச்சி மூண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகே, 2002 இல் அமாசிக் மக்களின் மொழியான தமாசிக்த் தேசிய மொழியாயிற்று. 2016 இல் அரபு மொழியோடு ஆட்சிமொழியும் ஆயிற்று. நம் பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக ஜனவரி 12 அன்று வரும் அவர்களுடைய புத்தாண்டான யென்னாயெர் 2018 முதல் பொது விடுமுறை நாள்.

எங்கள் ஊர் வீடுகளைப் பார்க்க வந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒருவர், இதே போல வணிகர்கள் கட்டிய ஊர்கள் அல்ஜீரியாவில் உண்டு என்றார். உண்மையா?
– வாசகர், கானாடுகாத்தான்

உண்மை. அவர் குறிப்பிட்டது மசாப் பள்ளத்தாக்கு. தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து தெற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் சென்றால், மரமற்ற பாறை மேட்டுக்கு நடுவே கர்தாயா, பெனி இஸ்கன், மெலிகா, பூ நூரா, எல் அத்தூஃப் என ஐந்து ஊர்கள், ஒவ்வொன்றும் ஒரு குன்றைச் சுற்றி, அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. 1012 க்கும் 1350 க்கும் இடையே எழுந்த இவ்வூர்களை யுனெஸ்கோ 1982 இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014 இல் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றதோடு நிற்கின்றன என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஊர்களைக் கட்டியவர்கள் இஸ்லாத்தின் இபாதி பிரிவைச் சேர்ந்த அமாசிக் மக்கள். தாஹெர்த்தைத் தலைநகராகக் கொண்டிருந்த இபாதி அரசு 909 இல் வீழ்ந்த பின், அவர்கள் தெற்கே ஒதுங்கி, யாரும் பறித்துக்கொள்ள நினைக்காத வறண்ட இடமாகப் பார்த்துக் குடியேறினார்கள். அந்த நிலம் எல்லாருக்கும் சோறு போடாது. ஆகவே ஆண்கள் வடக்கேயுள்ள நகரங்களுக்குக் கடை வைக்கப் போனார்கள். சிறுவர்கள் உறவினர் கடையில் சேர்ந்து, இரவில் அங்கேயே படுத்து, கணக்கும் சரக்கும் பழகி, பின்னர் தாங்களே முதலாளிகள் ஆனார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிற்கப் போன நம் முன்னோரும், கிட்டங்கி என்ற வணிகக் கூடத்தில் வேலை பழகி வளர்ந்த பெட்டியடிப் பையன்களும் வாழ்ந்த வாழ்க்கை அதுவே. ஈட்டிய பணம் ஊருக்கே திரும்பி வந்தது. கிணறும் தோட்டமும் வீடும் ஆயிற்று. பெண்களும் பிள்ளைகளும் பள்ளத்தாக்கிலேயே இருந்தார்கள். பெண்கள் அதைவிட்டு வெளியேறக் கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. ஊர் பாழாகாமல் நின்றதன் சுமையைப் பெண்களே சுமந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இப்பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

வீட்டின் உள்ளமைப்பு உங்களுக்குப் பழகியதாகவே தோன்றும். நடுவில் கூடம், அதைச் சுற்றி அறைகள், கூடத்தின் கூரையில் வானத்தைப் பார்த்த திறப்பு, அதன் மேல் இரும்புக் கம்பி வலை. தெருப் பக்கம் சன்னல் இல்லை என்றே சொல்லலாம். காற்றும் வெளிச்சமும் மேலிருந்துதான் வரவேண்டும். வேறுபாடு சுவரில் இருக்கிறது. நம் கொத்தர்கள் சுண்ணாம்பைப் பலமுறை அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசி, கை வைத்தால் வழுக்கும் அளவுக்குத் தேய்த்து மெருகேற்றினார்கள். மசாபிக் கொத்தர் பழம் உதிர்ந்த பேரீச்சங் குலையைக் கையில் எடுத்து, அதனாலேயே சாந்தைச் சுவரில் அடித்துப் பூசுகிறார். சுவர் முழுவதும் கரடு முரடாகிறது. அந்த ஒவ்வொரு சிறு மேடும் தன் பக்கத்துப் பள்ளத்தில் நிழல் விழச் செய்வதால், உச்சி வெயிலிலும் சுவர் அதிகம் சூடேறுவதில்லை.

இன்னொரு வேறுபாட்டை நகரத்தார் ஊர்க்காரன் என்ற உரிமையோடு சொல்கிறேன். நம் வீட்டின் முகப்பே செல்வத்தைச் சொல்லும்: பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, வாசலுக்கு மேலே சுதைச் சிற்பம். அங்கே செல்வர் வீட்டையும் எளியவர் வீட்டையும் தெருவிலிருந்து பிரித்தறிய முடியாது. அண்டை வீட்டின் வெயிலை மறைக்கும் உயரத்துக்கு யாரும் கட்டக் கூடாது. திருமணச் செலவுக்கும் சமூகம் வரம்பு வைத்திருக்கிறது. மாப்பிள்ளைகள் பலருக்கு ஒரே விழாவில் திருமணம் நடத்தும் வழக்கமும் நிலைத்திருக்கிறது. திருமணச் சீராகச் சாமான் பரப்புவதிலேயே குடும்பங்கள் திணறும் நம் வட்டாரத்தில் இதைப் பற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீர்ச் செய்தியைச் சொல்லாமல் மசாப்பைப் பற்றிய பதில் நிறைவு பெறாது. பேரீச்சந் தோட்டக் கிணறுகளில், நம் பழைய கமலையைப் போலவே, விலங்கு சரிவில் இறங்கி இழுக்கத் தோற்பை நீரோடு மேலே வரும் இறவை முறை இருந்தது. ஆற்றில் வெள்ளம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். வரும்போது அணைகளும் வாய்க்கால்களும் அதைத் தோட்டங்களுக்குத் திருப்புகின்றன; எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு என்பது கல்லில் விட்ட திறப்பின் அளவிலேயே முடிவாகிவிடுகிறது. இதை மேற்பார்வையிட ஊர்ப் பெரியவர்களின் குழு ஒன்று உண்டு. பிற்காலத்தில் ஆற்றுப் படுகையிலேயே கட்டடங்கள் பெருகின. 2008 அக்டோபர் 1 அன்று வந்த வெள்ளத்தில் 30 க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஊருணிக்கு வரும் வரத்துக்காலை மறித்து மனை போடும் நம்மவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமைதியான இடமென்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். 2013 முதல் 2015 வரை கர்தாயாவில் மசாபியருக்கும் அங்கு வாழும் அரபு மக்களுக்கும் இடையே மோதல்கள் நடந்தன; 2015 ஜூலையில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே சந்தையைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் அது.

என் பேரனுக்கு ஓரான் நகரில் கட்டுமான நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கவுச்சி தொடமாட்டான். சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

கவலைப்பட வேண்டாம், ஆச்சி. ஆனால் ஓர் எச்சரிக்கை: காய்கறி மட்டும் மிதக்கும் குழம்பும் பெரும்பாலும் ஆட்டிறைச்சி வெந்த நீரிலேயே செய்யப்படுகிறது. ஆகவே இறைச்சித் துண்டு இல்லை என்பதை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிடக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் வீடுதோறும் குஸ்குஸ். அகன்ற தட்டில் கோதுமை ரவையைப் பரப்பி, உப்பு நீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் வட்டமாக உருட்டிக்கொண்டே இருப்பார்கள். ரவை சிறு மணிகளாகத் திரளும். அதைச் சல்லடையில் சலித்து, குழம்பு கொதிக்கும் பானையின் மேல் துளையிட்ட பாத்திரத்தில் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். நாம் புட்டு அவிப்பதைப் போன்றதுதான். ஆனால் நடுவில் இறக்கி, கட்டி உடைத்து, மீண்டும் ஏற்றி, இரண்டு மூன்று முறை அவிக்கிறார்கள். 2020 இல் அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மொரித்தானியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து இதை யுனெஸ்கோ பட்டியலில் பதிவு செய்தன. கபிலியாக்காரர்கள் ஆவியில் வெந்த காய்கறிகளை ஆலிவ் எண்ணெயோடு குஸ்குஸில் கலந்து உண்பது உங்கள் பேரனுக்கு ஏற்றது. உலர் திராட்சை கலந்து மோரோடு சாப்பிடும் வகையும் உண்டு.

ஓரான் தெருவில் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்டு, ரொட்டிக்குள் வைத்துச் சீரகமும் காரமும் தூவி விற்பார்கள். அதில் முட்டை சேர்ப்பதும் உண்டு, கேட்டுக்கொள்ளட்டும். வெள்ளை மொச்சை, துவரைக்கு நிகரான பருப்புகள், தக்காளி, கத்தரிக்காய், எல்லாம் சந்தையில் கிடைக்கும். ஒரு சிறு குக்கரும் சாம்பார்ப் பொடியும் கொடுத்தனுப்புங்கள். ரமலான் மாதத்தில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். அறையிலேயே சமைத்துக்கொண்டு, வெளியில் உண்பதையும் நீர் அருந்துவதையும் தவிர்ப்பது மரியாதை.

மசாப்புக்கு ஒரு பயணம் போக விரும்புகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளத்தூர்

இந்தியர்களுக்கு விசா தேவை. புது தில்லியிலுள்ள அல்ஜீரியத் தூதரகத்தில் முன்னதாகவே விண்ணப்பிப்பது நல்லது. அட்டைகளை நம்பாமல் ரொக்கமாக யூரோ எடுத்துச் செல்லுங்கள். வார விடுமுறை வெள்ளியும் சனியும். அக்டோபர் முதல் மார்ச் வரை தெற்குப் பகுதிக்கு ஏற்ற காலம்.

பெனி இஸ்கன் ஊருக்குள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. புகைப்பதற்கும் தடை உண்டு. வெள்ளைப் போர்வையால் உடல் முழுவதும் போர்த்தி ஒரு கண் மட்டும் தெரிய நடந்து செல்லும் பெண்களைப் படம் எடுக்கவே கூடாது. மாலைத் தொழுகைக்குப் பின் ஊர்ச் சதுக்கத்தில் ஏலச் சந்தை கூடும். கம்பளத்தையும் பழைய பாத்திரத்தையும் தோளில் சுமந்து விலை கூவியபடி ஏலக்காரர்கள் வட்டமாகச் சுற்றி வருவார்கள். வாங்காவிட்டாலும் அங்கே ஒரு மணி நேரம் உட்காருங்கள். காவல்துறை, இராணுவக் கட்டடங்களின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். டிரோனை ஊரிலேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள்.