மேய்ச்சல் புறம்போக்கில் முள்ளெலி: அரசுப் பணம் யார் பெயரில் வரும்?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேற்கே மேய்ச்சல் புறம்போக்கும் அதை ஒட்டிக் காப்புக்காடும் இருக்கின்றன. இரண்டிலும் முள்ளெலி உண்டு. சாலையில் அடிபட்டுச் சாகிறது; கக்குவான் இருமலுக்கு மருந்து என்று பிடிக்கவும் செய்கிறார்கள். பதிவு செய்த அறக்கட்டளை ஒன்று நடத்துகிறோம். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைக் காக்க அரசு மானியம் தருகிறது என்கிறார்கள். எங்கே விண்ணப்பிப்பது? எங்கள் இளைஞர்களுக்கு அதிலிருந்து சம்பளம் கொடுக்கலாமா?

பதில்: பணம் இருக்கிறது. ஆனால் அரசு நிலத்தில் நடக்கும் வேலைக்கான பணம் பெரும்பாலும் அந்த நிலத்தை வைத்திருக்கும் துறைக்கோ உள்ளாட்சிக்கோதான் போகும். அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேரே வருவது அரிது. இதை இப்போதே ஏற்றுக்கொண்டால் வீண் அலைச்சல் பாதி குறையும். யாரோடு சேர்ந்து போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு நிலம் யாருடையது என்று தெரிய வேண்டும்.

ஊரில் எல்லாவற்றையும் ‘புறம்போக்கு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம். ஒவ்வொரு புல எண்ணும் எந்த வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேடு அப்படிச் சொல்லாது. முள்ளெலி தென்பட்ட இடங்களின் புல எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘அ’ பதிவேட்டு நகலும் புலப்பட வரைபடமும் எடுங்கள். மேய்ச்சல் புறம்போக்கு என்று நினைத்த ஒரு துண்டு ஏரிப் புறம்போக்காக இருந்தால், நீங்கள் பேச வேண்டிய அதிகாரியே மாறிவிடுவார். விண்ணப்பத்தோடு இந்த நகல்களை இணைத்தாலே பாதி ஐயங்கள் எழாது.

காப்புக்காட்டுப் பகுதிக்கு வழி ஒன்றுதான்: மாவட்ட வன அலுவலர். ‘வனவிலங்கு வாழ்விட ஒருங்கிணைந்த மேம்பாடு’ என்ற மத்திய அரசின் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் பொதுவாக 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. சரணாலயங்களுக்கு வெளியே உள்ள வன உயிர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் பணம் வனத்துறையின் ஆண்டுப் பணித்திட்டம் வழியாகவே இறங்குகிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதால் மார்ச்சில் போய் நிற்பதில் பயனில்லை. சில மாதங்கள் முன்னதாகவே உங்கள் குறிப்பு வனச்சரகர் கையில் இருக்க வேண்டும்.

உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. 2025-ல் தமிழ்நாடு அரசு சிங்கவால் குரங்கு, மதராஸ் முள்ளெலி, கழுதைப்புலி, மஹசீர் மீன் ஆகிய நான்கின் பாதுகாப்புக்குமாக 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரையாட்டுத் திட்டத்துக்கு 2022-ல் ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கிய 25.14 கோடியோடு பார்த்தால் இது சிறுதொகைதான். யானைக்கும் புலிக்கும் கேட்காமலே பணம் வரும் நாட்டில் உள்ளங்கை அளவுப் பிராணிக்கு ஒரு வரி ஒதுக்கீடு வந்ததே பெரிது என்பேன். இனி நீங்கள் கடிதம் எழுதும்போது அரசே தேர்ந்தெடுத்த உயிரினம் என்று தலைப்பிலேயே சொல்லலாம்.

மேய்ச்சல் புறம்போக்குக்கு வழி வேறு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உள்ளூர் பல்லுயிர் நிதி என்ற ஒன்றுக்கும் அதே சட்டம் இடம் தருகிறது. தேசிய பல்லுயிர் ஆணையமும் மாநிலப் பல்லுயிர் வாரியமும் அந்த நிதிக்கு மானியம் வழங்கலாம். உங்கள் ஊராட்சியிலோ ஒன்றியத்திலோ குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெயரளவில் மட்டும் இருந்தால் அதை உயிர்ப்பிப்பதே உங்கள் முதல் வேலை. ஊரில் உள்ள உயிரினங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் முள்ளெலி ஏறட்டும். பிறகு கிராம சபைத் தீர்மானம். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-ல் மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக ஆனதால் பணம் கொட்டிவிடவில்லை. ஆனால் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது அந்தப் பெயர் ஊருக்குப் பேசும் பலத்தைத் தந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

இனி, திட்ட அறிக்கையில் என்ன எழுதுவது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பத்து இலட்சம் கேட்கும் அறிக்கையில் எட்டு இலட்சம் ‘விழிப்புணர்வு முகாம்’, மீதி ‘மரக்கன்று நடுதல்’ என்றிருக்கும். முள்ளெலிக்கு மரக்கன்று பகை. அது புல்லும் முட்புதரும் கலந்த வறண்ட திறந்தவெளியில் இரவில் பூச்சி தேடி அலையும் பிராணி. அந்த நிலத்தில் குழி வெட்டி வரிசையாகக் கன்று வைத்தால் பசுமை கூடும், முள்ளெலி போய்விடும். மேய்ச்சல் நிலம் தரிசல்ல, வாழ்விடம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பசுமையாக்கும் வேறு திட்டம் ஏதாவது அதே புல எண்ணைக் குறிவைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைத் தடுப்பதே உங்கள் மிகப் பெரிய பாதுகாப்பு வேலையாக அமையலாம்.

கேட்க வேண்டியவை எளியவை. மிரண்டால் முள்ளெலி ஓடாது. இருந்த இடத்திலேயே பந்தாகச் சுருண்டுகொள்ளும். நரியிடமிருந்து காக்கும் இந்த வழக்கம்தான் விளக்கு வெளிச்சத்தில் வரும் வண்டிச் சக்கரத்தில் கொல்கிறது. எனவே எந்தச் சாலையில், எந்தத் துண்டில், எந்த மாதத்தில் அதிகம் அடிபடுகிறது என்ற கணக்கு வேண்டும். தேதி, நேரம், இடக் குறியீடு, படம் ஆகியவற்றோடு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பதிவு செய்யுங்கள். பொதுச் சாலையில் செத்த விலங்கைப் படமெடுத்துக் குறிக்க நிதி தேவையில்லை. உடலைத் தொடவும் எடுக்கவும் வேண்டாம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் கேட்பது சுலபம். வரையாட்டுத் திட்டமும் கணக்கெடுப்பில்தான் கவனம் வைத்தது: 2024-ல் 1,031, 2025-ல் 1,303 என்று எண்ணிச் சொன்ன பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிறது.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். நல்ல நோக்கம் விலக்கு ஆகாது. தானியங்கிக் கேமரா வைக்கவும் இரவில் நடக்கவும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கைப் பிடித்து ஆராய்வதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்த வேலையைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கணக்கு வழக்கில் கவனம். மத்திய அரசு மானியத்துக்கு, தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்யும் ‘தர்ப்பண்’ இணையதளப் பதிவு எண் தேவைப்படும். மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அதில் சேரும் வட்டி உங்களுடையதல்ல, அரசுக்குத் திரும்ப வேண்டியது. வந்த பணத்தை உரிய வேலைக்கே செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. தவணை தாமதமாவது வழக்கம் என்பதால் சில மாதச் செலவுக்கு வேறு வழி பார்த்து வையுங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் தாவரங்கள், விலங்குகளின் பாதுகாப்பும் இருக்கிறது. அந்தப் பணத்தை அரசு நிலத்தில் செலவிடவும் நிலத்துக்குரிய துறையின் சம்மதக் கடிதம் வேண்டும்.

சம்பளத்துக்கு வருகிறேன். ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டில் ‘திட்டப் பணியாளர்’ என்ற தலைப்பு இருந்தால் களப்பணியாளருக்கு ஊதியம் தரலாம். அறங்காவலர்கள் தங்களுக்கே எழுதிக்கொள்வது தணிக்கையில் மாட்டும். ஒப்புதலில் இல்லாத செலவைப் பிறகு நுழைக்கவும் முடியாது. வனத்துறை வழியாகப் போனால், வேட்டைத் தடுப்புக் காவலர் பணிக்கு உள்ளூர் ஆட்களை எடுக்கும் வழக்கம் இருக்கிறது. இரவில் அந்தப் புதர்களை அறிந்த உங்கள் இளைஞர் இருவரின் பெயரை வனச்சரகரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லி வையுங்கள்.