யார் யாரைக் குழப்புகிறார்கள்?

அன்புள்ள அக்கா,

நான் வட்டக்கச்சியில் இருக்கிறேன். முன்பள்ளி ஆசிரியை. இப்போது டிப்ளோமா படிக்கிறேன். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நான்கு. பின்னேரம் கொப்பியைத் திறந்தால் போதும், இரண்டும் வந்துவிடும். தண்ணீர், பென்சில், அண்ணா அடிக்கிறான், அம்மா இங்கே பாருங்கோ. ஒரு பந்தியை நாலு தரம் வாசித்தாலும் ஏறுவதில்லை. விடிய நான்கு மணிக்கு எழும்பிப் பார்த்தேன். மகளும் எழும்பி வருகிறாள். போனைக் கொடுத்தால் சத்தமில்லை, ஆனால் மனம் உறுத்துகிறது. அவர் வயலுக்குப் போய்விடுவார். நீங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி எழுதினீர்கள்?

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த கிழமை முழுக்க நான் பக்கத்து வளவுப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் வழியும் தண்ணீரை மறித்துக் குளம் கட்டுவான். சிரட்டையால் வான்கதவுகூட வைத்திருந்தான். குளிக்க வா, சாப்பிட வா, ரியூசனுக்கு நேரமாகிறது என்று தாய் கூப்பிட்டபடியே இருப்பார். ஒருநாள் அவனே அந்த அணையைக் காலால் உடைத்துவிட்டு எழும்பிப் போனான்.

நான்கு மணி யோசனையை விடுங்கள். நித்திரையை விற்றுப் படிக்க வேண்டாம். போனைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, உறுத்துகிறதென்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் எப்படி எழுதினேன் என்பதை என் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009 இல் எழுதினார். (அந்த ஆண்டில் நாங்கள் எதையெல்லாம் பாதியில் விட்டு வந்தோம் என்பது வேறு கதை.) பிறகு அவரும் இன்னொருவரும் சேர்ந்து கண்ட வழி மிகவும் லேசானது. எழும்புவதற்கு முன், எதில் நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று ஒரு வரி குறித்து வைப்பது. மகள் கூப்பிட்டால் அந்த வரியை எழுதிவிட்டுப் போங்கள். திரும்பவும் முதலிலிருந்து வாசிக்கத் தேவையில்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

எங்கள் பெரியப்பா முள்ளியவளைக்காரர், கோவலன் கூத்துப் பைத்தியம். 1995 கடைசியிலும் 1996 இலும் யாழ்ப்பாணத்துச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தபோது எங்கள் வளவிலும் பல குடும்பங்கள். பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெயும் திரியும் வைத்த விளக்கு ஒன்றுதான். அதைச் சுற்றிப் படிக்கிற பிள்ளைகள், சண்டை பிடிக்கிற பிள்ளைகள், நடுவில் பெரியப்பா. கிழிந்துபோன கூத்துக் கொப்பியைப் புதிதாகப் பார்த்து எழுதுவார். பெரிய பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர்கள் யாரும் குழப்பினால் அவர் வாயில் வராத சொல் இல்லை. பிள்ளைகள் அவரைக் குழப்புவது குறைவு. ஏனென்றால் பகலில் அவர் பிள்ளைகளைக் குழப்புவதில்லை. மண்ணில் எதையாவது செய்துகொண்டிருப்பவனைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார். பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "கொஞ்சம் பொறும், அவன் வேலையாய் இருக்கிறான்" என்பார். பகிடிக்குச் சொல்வதில்லை. இரவில் அவரே வேலையாய் இருந்தபோது பிள்ளைகளுக்கு அது விளங்கியது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். மகனுக்கு எட்டு வயது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு இப்போதே ரியூசன் தொடங்கியிருப்பீர்கள். இல்லையென்றால் மன்னியுங்கள், அப்படி ஒரு வீட்டை நான் கண்டு கனகாலம். பள்ளிக்கூடம், ரியூசன், குளிப்பு, சாப்பாடு, வீட்டுவேலை. அவனாகத் தொடங்கிய ஒன்றை, அவனாக முடிந்ததென்று சொல்லும்வரை எப்போதாவது செய்ய விட்டிருக்கிறீர்களா? உங்களை அவன் எத்தனை தரம் குழப்புகிறான் என்று எண்ணுகிறீர்கள். நீங்கள் அவனைக் குழப்புவதை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். கட்டை அடுக்கும் பிள்ளையை இடையில் எழுப்பக் கூடாதென்று முன்பள்ளியில் உங்களுக்குத் தெரிகிறது. வீட்டு வாசலைத் தாண்டியதும் எப்படி மறந்துபோகிறது? அவன் படம் கீறும்போது, "காணும், எழும்பு" என்பதற்கு முன் "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்றால் கொடுங்கள். சோறு ஆறட்டும்.

மகள் கதை வேறு. நாலு வயதுப் பிள்ளை தாயிடம் வராமல் யாரிடம் போகும்? மடியில் இருத்திப் பந்தியை உரத்து வாசியுங்கள். அவளுக்கு உங்கள் குரல் போதும்.

கணவரைக் கடிதத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிறவராக இருந்தால், தண்ணீர் முறை இல்லாத பின்னேரங்களில் அவரும் வீட்டில்தானே? உங்கள் டிப்ளோமாப் பரீட்சை எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. சிறுபோகம் வெட்டி முடிந்த பிறகென்றால் நல்லது. எப்படியிருந்தாலும் இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள். தண்ணீரும் பென்சிலும் அப்பாவும் எடுத்துக் கொடுக்கலாம்.